இடப்பக்கம்

லார்ஸ் கணவாயில் பனிச்சரிவு.
முன்னால் முந்நூறு லாரி; பின்னால் எண்ணவில்லை.
டிசம்பர் இருபத்து நான்கு,
நாலரை மணிக்கு மலை விளக்கை அணைத்துவிட்டது.
வரிசையில் என் வண்டி ஒன்றுதான் வெறும் வெள்ளை.
மற்றவற்றில் ஏதாவது இருக்கும்:
தக்காளி, டயர், யாரோ ஒரு முதலாளியின் மீசை.

கோச்சா வந்து கண்ணாடியைத் தட்டினான்.
விளாதிகாவ்காஸில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு
புரொஜெக்டர் கொண்டுபோகிறானாம்.
"வாஹ்ராம் அண்ணே, உங்க இடப்பக்கத்தைக் கொஞ்சம் கொடுங்க."
பெண் கேட்க வந்தவன்போல்
தொப்பியைக் கையில் வைத்திருந்தான்.
கொடுத்தேன்.

எந்த ஊர்ப் படமோ.
கையில் பெட்டியோடு ஒருத்தி, கடற்கரை, கொளுத்தும் வெயில்,
வராத ஒரு படகு.
பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை.
யூனுஸ் துருக்கியில் அர்த்தம் சொன்னான்.
யெர்போலாத் அதை மறுத்து
வேறொரு கதை சொன்னான்;
அதில் அவளுக்கு இரண்டு குழந்தைகள்.
மைனஸ் பதினெட்டில்
நீச்சலுடையோடு அவள் நடந்துபோக
அவள்மேல் பனி பெய்தது.
பார்த்துக்கொண்டிருந்த ஒருவன்
தன் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

நான் இறங்கவில்லை.
இறங்கிப்போன ஒருவனின் இடத்தைச்
செவ்வாய்க்கிழமை ஒரு சிமென்ட் லாரி விழுங்கியது.
நான் பார்த்ததெல்லாம் பக்கக் கண்ணாடியில்,
விரலகலத்துக்கு, சாய்வாக,
இடம் வலமாக.
என் படத்தில் அவள் இடதுகைக்காரி.

திடீரென்று வரிசை நகரும்.
முப்பது மீட்டர், சில நாள் பத்து.
"டேய், கடலைக் கொண்டுபோறான்டா!"
அவள் முகம் என் தகரத்திலிருந்து வழுக்கி
பனிமேட்டில் விழும்,
யூனுஸின் வயிற்றில் கொஞ்ச நேரம் சிரிக்கும்.
வாளி நெருப்பைத் தூக்கிக்கொண்டு,
ஸ்டூலை, ஜெனரேட்டரை,
எத்தேரியின் கடையில் கடன் சொல்லி வாங்கிய
பீன்ஸ் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு
நாற்பது ஆண்கள்
ஒரு கடலின் பின்னால் ஓடுவார்கள்.

ஒன்றரை மணி நேரப் படம்
பதின்மூன்று நாள் ஓடியது.
இதற்குள் வீதெனிஸுக்கு கிறிஸ்துமஸ் வந்து போனது.
எங்களுக்கு ஜனவரி ஆறு, கோச்சாவுக்கு ஏழு.
யூனுஸுக்கு எதுவும் கிடையாது,
ஆனால் எல்லா விருந்துக்கும் அவன்தான் முதல் ஆள்.

என் குளிர்பெட்டிக்குள் ரோஜா.
நாலு டிகிரி.
அந்த மலையிலேயே வெதுவெதுப்பான இடம்
அதுதான்.
புத்தாண்டுக்குப் போய்ச் சேர வேண்டியவை,
புத்தாண்டு அவற்றுக்காக நிற்கவில்லை.
ஒரு தகரம்தான்.
அந்தப் பக்கம் இதழ்கள் கழன்றுகொண்டிருந்தன,
இந்தப் பக்கம் அவள்
முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
முதலாளி போனில் கேட்டார்: "சரக்கு எப்படியிருக்கு?"
"கடற்கரையில இருக்கு," என்று வாய்வரை வந்தது.

ஆறாம் தேதி, எங்கள் கிறிஸ்துமஸ் இரவு,
படத்தில் படகு ஊதியது.
அதே நொடி
பின்னாலிருந்து சிமென்ட் லாரியும் ஊதியது.
தடுப்புக் கம்பி மேலே போயிருந்தது. என் முறை.
பதின்மூன்று நாள் இதற்காகத்தான்
வேண்டாத சாமி இல்லை.
"போகாதே!" என்று ஐந்து மொழியில் கத்தினார்கள்.
கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.
கியரைப் போட்டேன்.

நாலைந்து மீட்டர் அவளும் வந்தாள்.
பிறகு கண்ணாடியில் இருட்டு,
தூரத்தில் ஒரு வெளிச்சம்
யார்மேல் விழுவதென்று தெரியாமல்.

சாவடிக்காரன் கேட்டான்: "பெட்டியில என்ன?"
"ரோஜா. வாடிப்போச்சு."
"வேற?"

ஏப்ரலில் ஒரு பெட்ரோல் பங்கில் யூனுஸைப் பார்த்தேன்.
படகில் ஏறிவிட்டாள் என்றான்.
போனில் யெர்போலாத், சத்தியமாக இல்லை என்றான்.
கோச்சாவைக் கேட்டால்,
அடுத்து வந்தது தக்காளி வண்டி, அண்ணே,
அவ்வளவு சிவப்பில் ஒன்றும் தெரியவில்லை என்கிறான்.

சண்டை இன்னும் முடியவில்லை.
என்னைக் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்,
நானே கண்ணால் பார்த்தது:
பெட்டியை அவள் தூக்கியது
இடது கையால்.