சாட்சியப் பொருள் நாற்பத்தொன்று

அவள் படங்களில் முகங்களே இல்லை என்று
மாட்ரிட்டில் ஒரு விமர்சகர் எழுதினார்.
கைகள், முதுகுகள், கழற்றி வைத்த பூட்ஸ்.
அந்தப் பாணிக்கு நீளமாக ஒரு பெயரும் வைத்தார்.
நெலிதா அந்தத் தாளில்
மீன் சுற்றி எனக்குக் கொடுத்தாள்.

நான் அவளுக்கு மைக் பிடித்தவன்,
முப்பத்தோரு வருடம்.
கையில் காசில்லாத மாதங்களில் கல்யாணம் எடுப்போம்.
மணப்பெண் கேக் வெட்டிய சுருளின் மீதியில்தான்
ரொசாரியோ இறைச்சி ஆலையின் வேலைநிறுத்தம் இருக்கிறது.

அந்த ஒரு படத்தில் முகங்கள் உண்டு.
கேட்டின் மேல் ஏறிப் பேசும் ஒசோரியோ.
சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்ளும் தெல்மா.
குளிர்கிடங்கிலிருந்து வெளியே வந்து
வெயிலில் கண் கூசி நிற்கும் அறுபது பேர்.
கிட்டே போ, இன்னும் கிட்டே போ என்று
நான்தான் சொன்னேன்.
எனக்குப் பேச்சு தெளிவாக விழ வேண்டும்.

படுக்கை விரிப்பில் மூன்று முறை காட்டினோம்.
நான்காம் முறை கதவைத் தட்டியவர்கள்
டிக்கெட் வாங்க வரவில்லை.

அதன் பிறகு பதினோரு படம் எடுத்தாள்.
கேமரா யாருடைய கழுத்துக்கும் மேலே ஏறவில்லை.

போன மார்ச்சில் ஆவணக் காப்பகத்திலிருந்து தொலைபேசி.
போயே போய்விட்டது என்று நாங்கள் கைகழுவிய சுருள்
போலீஸ் கிடங்கில், குளிரூட்டிய அறையில்,
ஒரு கீறல்கூட இல்லாமல்.
எங்கள் படத்தை இத்தனை பத்திரமாக
நண்பர்கள் யாரும் வைத்திருந்ததில்லை.

கூடவே ஒரு கோப்பு.
பச்சை மையில் யாரோ ஓர் அதிகாரி:
மூன்றாம் சுருள் நீளம். பேச்சு மிகத் தெளிவு.
எண்பத்திரண்டு வயது நெலிதா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இரண்டு முறை படித்தாள்.
சொன்னவன் எவனோ, சொன்னது சரி,
நீளம்தான் என்றாள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பியிருக்கவேண்டாம்.
எங்கள் காட்சிகளே, பிரதியெடுத்து ஒட்டியவை.
முகத்துக்கு ஒரு வட்டம், வட்டத்துக்கு ஓர் எண்.
பத்தொன்பது.
தெல்மா பதினான்கு.
வாயைப் பொத்திய கையின் மேலும்
மை ஏறியிருந்தது.

மெருகேற்றித் திரையிடலாமே, விழாக்கள் கேட்கின்றன
என்றாள் காப்பகத்துப் பெண்.
நெலிதா கோப்பை மூடினாள்.
ஒசோரியோவின் மகள்
ரயில் பணிமனைத் தெருவில்தான் இன்னும் இருக்கிறாள்,
அவளுக்கு அப்பன் குரல் தெரியாது
என்று என்னிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை புரொஜெக்டரை நான் தூக்கினேன்.
விரிப்பை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு
அவள் முன்னால் நடந்தாள்.
சத்தத்தைக் கூட்டி வை, கூட்டி வை என்று
வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே போனாள்.