கால் மாறிய எழுத்து

அல்சூர் கிளையில் மெஷின் மூன்று நாளாய்ப் படுத்துவிட்டது.
கல்லை எடுங்க மேடம் என்றார் கிரீஷ் சார்.
எடுத்தேன். எண்ணெய் துடைத்த கறுப்பு,
ஓரத்தில் போன வாரக் கம்மல் ஒன்றின் மிச்சக் கீற்று.

புது நகைக்கு என்ன கஷ்டம்:
முக்கோணம், தொள்ளாயிரத்துப் பதினாறு,
ஆறெழுத்து எண், ஆதார் மாதிரி.
பழசுதான் வாயே திறக்காது.
திருகைக் கழற்றி, பூட்டின் அடிவயிற்றை
பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பாதி எழுத்து வரும்,
மீதி யார் மணிக்கட்டிலோ தேய்ந்து போயிருக்கும்.

இருபத்தேழாம் டோக்கன்.
அமலதாசும் ரெஜினாவும், காக்ஸ் டவுன்.
மகனுக்கு டிப்ளமா ஃபீஸ், நாளைக்குக் கடைசி தேதி.
பைக்குள் பர்ஸ், பர்ஸுக்குள் கைக்குட்டை,
அதற்குள் இரண்டு வளையல்.

லென்ஸைக் கண்ணில் இடுக்கினேன்.
முதல் வளையலின் உட்புறம்
ஒரு நெல்மணி, பக்கத்தில் 'ரா'.
ஏதோ நகரத்பேட்டைப் பட்டறைக்காரன் முத்திரை.

இரண்டாவதிலும் நெல்மணி, அதே 'ரா'.
ஆனால் கால் முன்னால் வந்துவிட்டது.
ரகரம் முதுகு காட்டி நிற்கிறது,
கண்ணாடியில் பார்த்தது போல.

அச்சு வெட்டுகிறவனுக்குத் தெரியும்:
இடவலம் மாற்றி வெட்டினால்தான் நேராய் விழும்.
இவன் நேராய் வெட்டியிருக்கிறான்.
அவசரம். அல்லது அதுதான் அவனுக்கு முதல் அச்சு.

ஆக, ஜோடியில் ஒன்று எப்போதோ போயிருக்கிறது.
வட்டிக்கடையில் மூழ்கியதோ,
சிவாஜிநகர் பஸ்ஸில் கழன்றதோ.
யாரோ யாருக்கோ தெரியாமல்
இன்னொன்று செய்து அதே கைக்குட்டையில் வைத்திருக்கிறார்கள்.

நிமிர்ந்தேன்.
அமலதாஸ் மின்விசிறியைப் பார்க்கிறார்.
ரெஜினா ஜிப்பைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள்.
மேலே மெட்ரோ போக, கண்ணாடிக் கதவு அதிர்கிறது.

கள்ள முத்திரையைத்தான் முதலில் உரசினேன்,
தோற்கும் என்று நினைத்து.
உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசைப்பட்டும்.
ஆசிட், ஒரு சொட்டு.
கீற்று அசையவில்லை. இருபத்திரண்டு. சுத்தம்.

பிறகு நேர் முத்திரை.
சொட்டுப் பட்டதும் மங்கி, பழுப்பாகி, இல்லாமல் போனது.
மறுபடி உரசினேன்.
மறுபடியும் போனது.

அந்த நெல்மணிக்காரன், ராசப்பனோ ராமலிங்கமோ,
கல்யாணத்தன்றே ஏமாற்றியிருக்கிறான்.
ஒளித்துச் செய்தவர்தான்
ஒரு குந்துமணி குறைக்கவில்லை.

படிவத்தில் மூன்று கட்டம்: மொத்த எடை, நிகர எடை, மாற்று.
வளையலுக்கு ஒன்றாக எழுத வேண்டும், விதி.
எழுதினேன்.

"ஏன் மேடம் ரெண்டுக்கும் வேற வேற நம்பர்?"
"பழைய நகை, அப்படித்தாம்மா வரும்."
"ஜோடிதானே?" என்றார் அமலதாஸ், விசிறியிடம்.
"ஜோடிதான்."

சீல் வைக்குமுன்
கடைசியாய்த் தொட்டுப் பார்க்க இருவரும் கை நீட்டினார்கள்.
இரண்டு விரலும் போனது
கால் மாறிய வளையலுக்கு.

யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.
வட்டி மட்டும் தவறாமல் வருகிறது,
ஒரு மாதம் அவர் கட்டுகிறார்,
ஒரு மாதம் அவள்.