காரணம் என்ற கட்டம்

மூன்றாம் முறையாக வந்து நிற்கிறது
புஸ்பராணியின் பள்ளி வேன்.
"ராத்திரி நிரப்பி வைக்கிறேன்,
விடியக்காலையில் ஒரு விரற்கடை குறையுது.
கீழே ஒரு சொட்டு இல்லை.
அப்ப யார்தான் குடிக்கிறது?"

முதல் முறை மூடியை மாற்றினேன், இருபத்தெட்டு ரிங்கிட்.
இரண்டாம் முறை மேல் ஹோஸ், அறுபத்தைந்து.
இரண்டு முறையும் எஞ்சின் கொதிக்கக் கொதிக்கத்தான் சோதித்தேன்.
எஸ்டேட்டில் பிள்ளைகளை ஏற்றி
பகாவ் வரை ஓடி வந்த சூடு.
சூட்டில் அது வாயே திறக்கவில்லை.
ஆயில் குச்சியில் பால் கலந்த நிறமில்லை,
புகையில் வெள்ளை இல்லை, இனிப்பு வாடையும் இல்லை.
வாட்டர் பம்ப்பின் கீழ்த்துளை
காய்ந்த மூக்கு.

இந்த முறை சொன்னேன்:
"வண்டி ராத்திரி இங்கேயே இருக்கட்டும்."

அஞ்சு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன்.
எதிரே எடைமேடையில்
செம்பனைக் குலை லோரி ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.
ஆறிப்போன இரும்பு.
ரேடியேட்டரில் பம்ப்பை மாட்டிப்
பதினைந்து வரை ஏற்றிவிட்டுத்
தே ஓ கலக்கப் போனேன்.
திரும்பினால் பதினாலு.
குடித்து முடித்தால் பன்னிரண்டரை.

எனக்குத் தடித்த கை.
ஷஃபிக்கின் கைதான் போகும்,
ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் பிளாக்குக்கும் நடுவே.
கண்ணை மூடித் தடவினான்.
என்னிடம் கற்ற தமிழில் ஒரே சொல்:
"ஈரம்."

மோட்டாரைக் கழற்றி
டார்ச் அடித்தேன்.
ஐம்பது காசு அளவுத் தகடு ஒன்று
அரை நெல் வெளியே தள்ளி நின்றது.
அதன் ஓரத்திலிருந்து
மயிரை விட மெலிந்து ஒரு கோடு,
கோட்டின் முனையில் பச்சைத் தண்ணி
அவசரமில்லாமல் திரண்டது.
விழுந்ததெல்லாம் அடித்தகட்டுப் பஞ்சில்.
தரை எப்படி நனையும்?

இந்த எஞ்சின்
கிள்ளானில் வாங்கிய ஆஃப்கட்.
முன்பாதி காராகக் கப்பலேறி ஜப்பானிலிருந்து வந்தது.
கதவுச் சட்டத்தில் ஒட்டியிருந்த தாளில்
எழுத்து புரியவில்லை, எண் புரிந்தது.
கடைசியாக ஆயில் மாற்றியது ஜனவரியில்.
பெயர் தெரியாத எவனோ ஒருவன்
வெறும் தண்ணி ஊற்றி
ஒரு ராத்திரி வெளியே நிறுத்தியிருக்கிறான்.
தண்ணி உறைந்து இடம் கேட்டிருக்கிறது.
பாதி வழி விட்டது தகடு,
மீதி வழியை
இரும்பு கிழிந்து கொடுத்தது.

புஸ்பராணி ஏழு மணிக்கு வந்தாள்,
பிள்ளைகளைத் தம்பி காரில் இரண்டு நடையாக அனுப்பிவிட்டு.
"பனியா? பகாவிலா?"
வியர்வையைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டாள்.
நான் பக்கத்துக் கடைக்குப் போய்
ரொகாயாவின் ஐஸ் பெட்டியிலிருந்து
சிராப் பாக்கெட் ஒன்றை எடுத்து வந்தேன்.
வயிறு புடைத்து, கல்லாக.
"பிளாஸ்டிக்குன்னா உப்பிக்குது,
இதுக்கு உப்பத் தெரியலை."

அவள் அதை வாங்கிக்
கழுத்தில் வைத்துக்கொண்டாள்.
"கூட்டுக் காசு இன்னும் நாலு மாசம் கட்டணும்,
இந்த எஞ்சினுக்குத்தான் எடுத்தேன்."
கிள்ளான் தவுக்கேயின் உத்தரவாதம் ஏழு நாள்.
இது தொண்ணூறாவது நாள்.

வேறு எஞ்சின் என்றால் ஆயிரத்து எண்ணூறு.
சிரம்பானில் ஒருத்தர் இரும்பைத் தைப்பார்,
விரிசல் நெடுக ஆணி ஆணியாக இறக்கி,
முந்நூற்றைம்பது.
தாங்கும் என்றேன்.
எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை,
அதனால் நானும் தெரியாது என்று சொல்லவில்லை.

ரசீதுப் புத்தகத்தை விரித்தேன்.
தைக்க முந்நூற்றைம்பது, புதுத் தகடு பன்னிரண்டு.
கீழே கழித்தேன்:
மூடி இருபத்தெட்டு, ஹோஸ் அறுபத்தைந்து.
அவள் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை.

காரணம் என்று ஒரு கட்டம் உண்டு,
எப்போதும் 'தேய்மானம்' என்றே எழுதுவேன்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
வெளியே தாரில் வெயில் ஏறியாயிற்று.
பனி
என்று எழுதிக்
கடையின் சாப்பைக் குத்திக் கொடுத்தேன்.
கையிலிருந்த பாக்கெட் உருகி
'ப'வின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.