விவரம் என்ற கட்டம்

ஆலந்தூரில்
ஒரு ரயிலின் தலைமேல் இன்னொரு ரயில் ஓடுகிற இடத்தில்
படிக்கட்டுக்குக் கீழே என் அறை.
ஜன்னல் கிடையாது.
மேலே வண்டி வரும்போதெல்லாம்
அலமாரியில் தண்ணீர் பாட்டில்கள்
குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும்.

நகரம் மறந்துவிட்டு இறங்கிப்போனதையெல்லாம்
பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.
தேதி. நேரம். பெட்டி எண். பொருள்.
கடைசியில் விவரம் என்று ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
குடை, கறுப்பு, ஒன்று.
டிபன் பாக்ஸ், எவர்சில்வர், ஒன்று.
குடை, கறுப்பு, ஒன்று.
இப்படியே ஆறு வருஷம்.

வீட்டில் ஒரு நோட்டு வைத்திருந்தேன்.
பாரிமுனையில் வாங்கிய கெட்டி அட்டை நோட்டு.
நல்லதாக ஏதாவது தோன்றினால் எழுதலாம் என்று.
முதல் பக்கத்தில் கேஸ் புக்கிங் நம்பர் இருந்தது,
அதுவும் என் வீட்டுக்காரர் எழுதியது.
கடற்கரையில் போய் உட்கார், தானாக வரும் என்றாள் பெனாசிர்.
பெசன்ட் நகரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.
சுண்டல்தான் வந்தது.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, விடாத மழை.
ஒரே நாளில் பதினெட்டுக் குடை.
எல்லாம் கறுப்பு.
பக்கெட்டுக்குள் சொட்டச் சொட்ட
ரேஷன் வரிசைபோல் இடித்துக்கொண்டு நின்றன.
பன்னிரண்டாவதை எடுத்தபோது விரலில் ஏதோ உறுத்தியது.
ஒடிந்த கம்பியை யாரோ
பூக்கட்டுகிற வாழைநாரால் கட்டியிருந்தார்கள்.
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு.

கட்டத்துக்குள் அது அடங்கவில்லை.
ஓரத்தில், கோட்டைத் தாண்டி எழுதினேன்:
'மூன்றாம் கம்பியில் நார்க்கட்டு.
கட்டியது பழகிய கை.
கைப்பிடியில் மரிக்கொழுந்து வாசனை.'

"இதென்னம்மா, கறுப்புன்னு போட்டா போதாதா?"
தணிகாசலம் சார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.
போதாது என்று சொல்ல வாய் வரவில்லை.
"இடம் இருந்துச்சு சார்."
இல்லாத இடத்தை
இருக்கிறது என்று நான் சொன்னது
அதுதான் முதல் தடவை.

அப்புறம் கை நிற்கவில்லை.

மூக்குக் கண்ணாடி ஒன்று. போட்டுப் பார்த்தேன்,
அறை தண்ணீருக்குள் போயிற்று.
'இதன் சொந்தக்காரர் இந்நேரம்
பஸ் நம்பரைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.'

டிபன் பாக்ஸ், எவர்சில்வர், ஒன்று.
'எலுமிச்சை சாதம், இரண்டு வடகம்.
மூடியின் உள்பக்கம் மார்க்கரில்
"சண்டை முடிஞ்சுது" என்று எழுதியிருக்கிறது.
இதைத் திறந்த முதல் ஆள் நான்.
மன்னிக்கவும்.'

நாலாம் நாள் ஒரு பையன் வந்தான்.
அவசரத்தில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தான்.
பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினேன்.
படித்தான்.
மேலே ஒரு வண்டி போயிற்று. இன்னொன்றும் போயிற்று.
"சாப்பாடு?"
"கெட்டுப்போச்சு, கொட்டிட்டேன். டப்பாவைக் கழுவிட்டேன்.
மூடியைக் கழுவல."
ஃபெலிக்ஸ் என்று கையெழுத்துப் போட்டான்.
வண்ணாரப்பேட்டைப் படியில் பாதி ஏறினவன்
இறங்கி வந்து
பரங்கிமலைப் படியில் இரண்டிரண்டாகத் தாவிப்போனான்.

அன்றைக்கு நான் டீ குடிக்கப் போகவில்லை.
பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை, தெரியும்.
சம்பளம் அதேதான். ஜன்னலும் வந்துவிடவில்லை.
வீட்டு நோட்டில் இப்போது பால் கணக்கு எழுதுகிறோம்,
அதற்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.
காலையில் பூட்டைத் திறக்கும்போது மட்டும்
உள்ளே யாரோ எனக்காகக்
காத்திருப்பதுபோல் ஒரு பரபரப்பு.

நார்க்கட்டுக் குடைக்கு
இதுவரை யாரும் வரவில்லை.
தொண்ணூறு நாள் ஆனால் ஏலத்துக்கு அனுப்ப வேண்டும்.
இன்று எண்பத்தேழு.
பொங்கல்கூடப் போய்விட்டது. மழை எப்போதோ நின்றுவிட்டது.
வேலை முடிந்து கத்திப்பாராவைத் தாண்டும்போது
பூ விற்கிறவர்களின் முகத்தை நான் பார்ப்பதில்லை,
முடிச்சைப் பார்க்கிறேன்.
நேற்று ஒருத்தி மூன்று சுற்று சுற்றினாள்.
அவள் இல்லை.
ஒரு முழம் வாங்கிக்கொண்டு
அடுத்த கூடைக்கு நடந்தேன்.