காற்றுப் பம்பு

நாவிதன்வெளி வட்டையில்
மாசி முடிய இன்னும் ஆறு நாள்.
அறுப்பு மிஷின் வரும்வரை
நானும் வினாசித்தம்பியும் பரணில்.
யானை வெடி மூன்று, தீப்பெட்டி ஒன்று,
கீழே பின்சில்லு பஞ்சரான சைக்கிள்.
"பம்பக் கொண்டுவரச் சொன்னனான் எலுவா?"
"உன்ட சைக்கிள், உன்ட பம்பு" என்று
உரப்பையை இழுத்து மூடிக்கொண்டான்.

போனை வானத்துக்குக் காட்டினால்
பெயர் சொல்லும், மகள் இறக்கித் தந்தது.
தெற்கே, பாதி உயரத்தில்,
ஒன்றுமில்லை என்று நான் விட்டிருந்த இடத்தில்
நாலு மங்கல் புள்ளிக்குக் கோடு போட்டது:
காற்றுப் பம்பு.

எழுப்பிச் சொன்னேன்.
"அப்ப இறக்கி அடி" என்றான், கண் திறக்காமல்.

மிச்சத்தையும் வாசித்தேன்.
கதையே இல்லாத கூட்டமாம்.
சிங்கமில்லை, தேளில்லை,
கடலுக்குப் போனவனுக்கும் உதவாது.
காற்றடிக்கிற பம்பும் இல்லை அது;
கண்ணாடிச் சாடிக்குள் கிடக்கிற காற்றை
உறிஞ்சி எடுக்கிறது.
பிறகு உள்ளே மணி அடித்தாலும்
வெளியே கேட்காதாம்.

அப்போதுதான் கவனித்தேன்,
தவளைகள் நின்றுவிட்டன.
எப்போது நின்றன, தெரியாது.
வரம்பில், வாய்க்காலில், ஒரு சத்தமில்லை.
வினாசித்தம்பியின் குறட்டையும் இல்லை.

மேலே அந்த நாலு புள்ளி அப்படியே.
கீழே, மருதமரப் பக்கம்,
வெள்ளிகள் இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு வெள்ளியும் இல்லாத பெரிய கறுப்பு.

அது காதை அசைத்தது.

தீக்குச்சி நமுத்திருந்தது.
இரண்டாவதும்.