நானூற்று இருபது

பேருந்து நிலையக் கழிப்பறைக்குப் பின்னால்
யாரும் நடாத குப்பைமேனி.
பெயரில் பாதி குப்பை, மீதி உடம்பு.
பை நிறையப் பிடுங்கினேன்.
திருத்துறைப்பூண்டியில் இதற்கு
ஒருவரும் பங்கு கேட்பதில்லை.

அலசி, நறுக்கி, இருபது நிமிடம் கொதிக்கவிட்டு
வடித்த சாற்றில்
வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாக.
கையுறையில் ஓட்டை; விரல்நுனி கறுத்துவிட்டது.
"எங்க எலெக்‌ஷன்?" என்கிறார்
ஜெராக்ஸ் கடைக்காரர், கார்த்திகை மாதத்தில்.

பிறகு காத்திருப்பது.
மின்சாரம் போனால் போகட்டும்,
இலை தன் வேலையை இருட்டிலும் செய்யும்.
மூன்று மணிக்குள் குடுவை
கடுந்தேநீர் நிறம்.
கருவியின் கோடு நானூற்று இருபதில் மேடு கட்டியது.
"ஃபோர்ட்வென்டியா மேடம்?"
ஆய்வக உதவியாளர் உத்திராபதி வாய்விட்டுச் சிரித்தார்.
இல்லை, அசல் வெள்ளி.
எந்த அடகுக்கடைத் தராசிலும் நிற்காத வெள்ளி.

களிம்பாக்கி அகார் தட்டில் வைத்தேன்.
கிருமி படர்ந்த பரப்பில்
அதைச் சுற்றி மட்டும் ஒரு வெறும் வட்டம்,
பதினான்கு மில்லிமீட்டர்.
இரண்டாம் முறை அளந்தபோது பதின்மூன்றரை.
பதின்மூன்றரை என்றே எழுதினேன்.

தையநாயகியின் கால்விரல் இடுக்குகள்
நடவு தொடங்கி நான்காம் நாள்
ஊறிய அவல்போல் வெளுத்துப் பிளந்திருந்தன.
சேற்றுப்புண்.
படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது சொன்னேன்:
"பூசுனா பத்து நாள் கால் ஈரம் படக் கூடாது."
என்னைப் பார்த்தாள்.
வயலைப் பார்த்தாள்.
"பத்து நாள் கூலியும் டப்பாலயே இருக்குமா?"

அந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

வாலை நீர் தீர்ந்துபோன ஒரு வெள்ளிக்கிழமை
அவள் தெரு அடிபம்பில் பிடித்துவைத்த
பாட்டில் நினைவுக்கு வந்தது.
அவசரம்; ஊற்றிவிட்டேன்.
ஒரே சொட்டு வெள்ளி நைட்ரேட்,
குடுவை முழுக்கத் தயிராய்த் திரிந்தது.
மாதிரி பதினேழு, தோல்வி என்று எழுதினேன்.
சன்னலோரம் வைத்த வெள்ளை
மாலைக்குள் ஊதாவானது.
அப்போதுதான் உறைத்தது:
இது உப்பு.
ஆறு வந்து சேராத கடைமடைக்கு
கடல் அடிவழியாக வந்துவிட்டிருக்கிறது.

"தோல்வி"யை அடித்தேன்.
அந்த இடத்தில் எதுவும் எழுதவில்லை.

மறுநாள் கேட்டேன்,
"அந்தத் தண்ணிலதான் புண்ண கழுவுனீங்களா?
எரியலையா?"

"எரிஞ்சுது.
எரிஞ்சா ஆறுதுன்னு
நெனச்சுக்கிட்டேன்."