பன்னிரண்டாம் ஒழுங்கை, அம்பகாமம்

கருவியின் பற்றறி மூடியில்
மூன்று லேபல்கள், ஒன்றின்மேல் ஒன்று.
மேலே போன வருசத்துப் பெயர்,
நீல எழுத்து, வால் முளைத்த வட்டம்.
வியர்வையில் ஓரம் கிளம்ப
அடியில் வேறொரு கொம்பனி.
அதற்கும் அடியில்,
நகத்தால் சுரண்டினால் மட்டும்,
தோர்ன்விக்.

காலை ஆறரை. முகமறைப்பை இறக்கினால்
என் மூச்சே என்னிடம் திரும்பி வருகிறது.
சிவப்புத் தடிக்கும் வெள்ளைத் தடிக்கும் நடுவில்
ஒரு மீற்றர் அகலத்தில் உலகம்.

கருவிகளைச் சரிபார்க்க வந்த கிரேம்
ரீ நேரத்தில் அந்தப் பெயரைத் தடவிப் பார்த்தான்.
வந்த இடத்தில் கடை பூட்டியிருப்பதைக்
கண்டவனின் முகம்.
தேவசகாயம் மொழிபெயர்த்தான்,
பிஸ்கற்றை நனைத்தபடி:

குதிரை லாயம் ஒன்றில் தொடங்கினார்களாம்,
பாட்டுக் கேட்கும் பெட்டி செய்ய.
பெரிய சண்டை வந்தது.
பெட்டி பாட்டை விட்டுவிட்டு
மேகத்துக்குள் விமானம் தேடப் பழகியது.
சண்டை முடிந்தது.
தேடுவது முடியவில்லை,
அதற்குத்தான் ஓடர் கூட.

அவன் அம்மா அங்கே இருபத்திரண்டு வருசம்
ஈயம் பற்றவைத்தவள்.
எந்தப் பலகை எந்தப் பெட்டிக்குப் போகும் என்று
யாரும் சொல்வதில்லை.
பச்சைப் பலகை எல்லாம் றேடியோவுக்கு என்று
அவளாக நம்பிக்கொண்டாள்.
பிறகு பெரிய கொம்பனி ஒன்று விழுங்கியது,
அதை இன்னொன்று.
வாசலில் பெயர் மாற்ற வந்தவனுக்கு
ஏணி பிடித்தது, அன்று காலைதான்
வேலை போன அவன் மாமா.
இப்போது அங்கே கார் நிறுத்துகிறார்களாம்.

"யார் யாருக்கு வித்தவை?" என்று கேட்டேன்.
தேவசகாயம் அதை மொழிபெயர்க்கவில்லை.
பிஸ்கற் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

தொண்ணூற்றெட்டில் நாங்கள் மல்லாவியில்,
தறப்பாளுக்குக் கீழே.
பற்றறிக்குத் தடை.
அண்ணன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக்
கையால் பெடலைச் சுற்ற
டைனமோ வயரில் ஒரு தோர்ன்விக் பேசும்.
அவன் களைத்தால் செய்தியும் களைக்கும்.
செத்தவர்களின் தொகை
இழுபட்டு இழுபட்டு வரும்.
நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் இங்கிலீசு
அந்தப் பெட்டியின் நெற்றியில் இருந்தது.
இதைக் கிரேமுக்குச் சொல்லவில்லை.

பதினொன்று பத்து. கருவி கத்தியது.
பின்னால் இருந்து தொடங்கு.
சரிவாக வெட்டு. செம்மண்ணைக் கெஞ்சு.
நாற்பது நிமிடம்.
வீரை வேர் ஒன்று,
நத்தை ஓடு, பிறகு
பச்சை பிடித்த செம்புச் சுருள்.
அதோடு ஒட்டி ஒரு தகடு, பாதி,
பெயரின் பின்பாதி.

வீட்டு றேடியோவா,
பங்கருக்குள் ஆளைக் கூப்பிட்டதா,
எங்கள் கூரைகளை எண்ணியதா?
தகடு சொல்லாது.
கருவியை மேலே பிடித்தால்
நிறுத்தாமல் கத்துகிறது,
செத்தவீட்டுக்குப் பிந்தி வந்த
சொந்தக்காரியைப்போல.

படிவத்தில் இடம், ஆழம், வகை.
வகைக்கு இரண்டு கட்டங்கள்தான்:
ஆபத்தானது, தீங்கற்றது.
இரண்டாவதில் புள்ளடி போட்டேன்.
போட்ட பிறகும்
கொஞ்சநேரம் பேனையை எடுக்கவில்லை.

கிரேம் தகட்டைக் கேட்டான், அம்மாவுக்கு.
விதி இடம் தராது.
எல்லாத் துண்டும் வாளிக்குள்,
வாளி தராசுக்கு.
இரண்டு கிலோ நூற்று எழுபது கிராம்,
ஆணிகள், சன்னங்கள், மீன்ரின் மூடிகளோடு சேர்த்து.

பின்னேரம் அம்பகாமப் பக்கம் மழை கறுத்தது.
வெள்ளைத் தடியைப் பிடுங்கி
ஒரு சாண் முன்னால் ஊன்றினேன்.